தெருமுனையில் தேங்கும் நீர்

பாலையூற்று என்ற பெயரைக் கேட்டதும் சங்க நூல்கள் கூறும் பாலை நிலத்தை எண்ணிவிடுதல் தகாது. ஈழநாட்டின் வறண்ட வலயத்துக் காடுகளிலே பாலை என்பது ஒரு மரம். வயிரம் மிக்கது, வேனிற் காலத்திலே சின்னஞ்சிறு மஞ்சட் பழங்களைத் தருவது, கரடியும் பறவைகளும் அதனை நாடிவரும். அத்தகைய மரத்தின் அருகே ஊறிய நீரைக் கண்டு முன்னோர் இட்ட பெயரென்று கொள்வதே பொருத்தமாகும். திருகோணமலையிலே கண்டி வீதியை ஒட்டிக் கிடக்கும் இப்புறநகர், தன் பெயரிலேயே நீரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்நீரைப் பற்றிய ஒரு சிறு வழக்கோடுதான் இங்கு ஊராட்சியின் கதையைத் தொடங்கவேண்டியிருக்கிறது.

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை கொட்டுகிறது. ஓர் ஒழுங்கை கண்டி வீதியைச் சந்திக்கும் மூலையிலே நீர் தேங்கி நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். முழங்கால் அளவு நீர். அதில் மிதக்கும் குப்பை. நாலைந்து நாள் கழிந்தால் நுளம்பு. பள்ளிப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையிலே தூக்கிக்கொண்டு கடக்கின்றனர். அயலிலுள்ள குடும்பத் தலைவர் ஒருவர் இதனை முறையிட விரும்புகிறார். எவரிடம் செல்வது?

கண்டி வீதி நாட்டின் பெருந்தெருக்களுள் ஒன்றாதலின், அதன் மதகும் பக்கவாய்க்காலும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளன. வீதி மாகாணத்துக்குரியதாயின் அதற்கெனத் தனித் திணைக்களம் உண்டு. ஒழுங்கையும் அதன் கானும் உள்ளூராட்சிச் சபைக்குரியன. ஒழுங்கையைத் தோண்டி நீர்க்குழாய் பதித்த பின்னர் மண்ணைச் சரிவர மூடாமையால் கான் அடைபட்டதாயின், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையைக் கேட்டல் வேண்டும். பெயரிலே வடிகால் இருத்தலால் மழைநீர் வாய்க்கால் முழுவதும் அச்சபையின் கடமையென எண்ணுவோரும் உளர், அஃது அவ்வாறன்று. நுளம்புக் குடம்பியைத் தேடி வீட்டுக்கு வருபவரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஆகவே ஒரு குட்டை நீருக்கு நான்கைந்து உரிமையாளர் இருக்கின்றனர். இறைத்து விடுவதற்குத்தான் ஆளில்லை.

இது நகைப்புக்குரிய செய்தியன்று. 2017ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதிலும் 1,86,101 பேர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் எனக் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலே அக்காய்ச்சல் கடுமையாக மூண்ட இடங்களுள் ஒன்று, இதே துறைமுகத்தின் மறுகரையில் உள்ள கிண்ணியா. குட்டைநீர் யாருக்கு உரியது என்று அலுவலகங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கும் வேளையிலே நுளம்பு எல்லை பார்ப்பதில்லை.

இவ்விடத்திலே மக்கள் மிகுதியும் மயங்குவது இரண்டு பெயர்களிடையே ஆகும். ஒன்று பிரதேச சபை. மற்றொன்று பிரதேச செயலகம். ஒலியாலும், பல ஊர்களிலே இடத்தாலும் அடுத்தடுத்து நிற்பனவாயினும், இவை வேறுவேறு மரத்தின் கிளைகள். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம் மத்திய அரசின் கை. காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு, ஓய்வூதியம், அனர்த்த நிவாரணம் என்பன அங்கே நடைபெறும். கிராம உத்தியோகத்தர் அதனைச் சேர்ந்தவர். முன்னாளிலே விதானையார் என்று அழைக்கப்பட்ட ஊர்த்தலைமை 1963ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டு, அரசுத் தேர்வின் வழியே நியமனம் பெறும் கிராம சேவகர் அவ்விடத்துக்கு வந்தார். அவரே இன்று கிராம உத்தியோகத்தர். அவரை மக்கள் தெரிவு செய்வதில்லை. தேர்தலிலே தோற்கடிக்கவும் முடியாது.

உள்ளூராட்சிச் சபையோ வாக்கினாலே பிறப்பது. 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகரசபைக் கட்டளைச் சட்டமும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் அதன் வேர்கள். பழைய கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் மறைந்தபின், சில ஆண்டுகள் மாவட்ட அபிவிருத்திச் சபைகளைக் கொண்டு காலங்கழித்து, 1988ஆம் ஆண்டிலேதான் பிரதேச சபைகள் நடைமுறைக்கு வந்தன. ஊர்க்காரருக்கு மிக அணுக்கமாயிருந்த கிராமச் சபையை அழித்தமை நன்றோ என்பது இன்றும் வினவத்தக்கதே. நாலைந்து சிற்றூர்களுக்கு ஒன்றாயிருந்த சபை, ஒரு பெரும் பிரிவுக்கு ஒன்றானபோது, உறுப்பினர் வீட்டுப் படலையைத் தட்டி முறையிடும் வழக்கமும் அருகிற்று.

பாலையூற்றைச் சூழ நகரத்தின் ஆட்சி எல்லையும் பிரதேச சபையின் எல்லையும் நெருங்கிக் கிடக்கின்றன. ஒருவர் தம் வீடு எச்சபைக்கு உட்பட்டதென ஐயுற்றால், அலைய வேண்டுவதில்லை. சோலைவரிச் சீட்டின் தலைப்பே அதனைச் சொல்லும்.

சோலைவரி என்றதும் முகஞ்சுளிப்பது எவ்வூருக்கும் பொது. ஆயினும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் நூலகமும் மயானமும் பெரிதும் அந்த வரியை நம்பியே நடக்கின்றன. ஆண்டு வரி முழுவதையும் சனவரி 31ஆம் நாளுக்குள் செலுத்துவோர்க்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு உண்டு. காலாண்டு வரியை அக்காலாண்டின் முதன்மாதத்திலேயே செலுத்தினால் ஐந்து வீதம் கழிவு. இக்கழிவு பலருக்குத் தெரியாமலே போகிறது. தெரிந்த சிலரோ வரியை நிலுவையிற் போட்டுவிட்டு, மின்குமிழ் எரியவில்லையென்று முதலாவதாக முறையிடுகின்றனர். துறைமுகத்தைச் சுற்றிய நிலத்திலே பெரும்பங்கு கடற்படைக்கும் துறைமுகத்துக்கும் அரச நிறுவனங்களுக்கும் உரியதாதலின், இங்கே வீடுகளும் கடைகளும் தரும் வரி ஒவ்வொரு ரூபாயும் பெறுமதியுடையது.

குழாய்நீர் இதனிற் சேராது. திருகோணமலைக்கு வரும் குடிநீர் கந்தளாய்க் குளத்தை நம்பியது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் அதிகாலையிலே அக்குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை முதியோர் மறந்திரார். அத்தனை தொலைவிலிருந்து வரும் நீரை நம்பியிருப்போர், வளவிலுள்ள பழங்கிணற்றைக் குப்பைக்குழியாக்குவது எவ்வாற்றானும் நியாயமன்று.

இனி, சபையே இல்லாதிருந்த காலம் ஒன்றைக் கூறவேண்டும். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் தெரிவான உறுப்பினரின் பதவிக்காலம், ஓராண்டு நீடிப்பும் பெற்று, 2023 மார்ச்சு 19ஆம் நாளுடன் முடிவுற்றது. அம்மாதமே நடைபெற வேண்டியிருந்த தேர்தல், பணமில்லையென்று ஒத்திவைக்கப்பட்டது. அதன்பின் ஈராண்டுக்கு மேலாக நாடெங்கும் சபைகளை அதிகாரிகளே நடத்தினர். குப்பை வண்டி ஓடியது; சம்பளமும் கொடுக்கப்பட்டது. ஆயினும் ஒழுங்கை மூலையில் நின்ற நீரைக் குறித்துக் கூட்டத்திலே எழுந்து கேட்பதற்கு வட்டாரத்துக்கென ஒருவரும் இருக்கவில்லை. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஆகத்து 22ஆம் நாள் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் நாளிலாகும்.

திருகோணமலை மக்களுக்கு இந்த வெறுமை புதியதன்று. போர்க்காலத்திலே ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி, விசேட ஆணையாளரின் கையெழுத்திலேயே சபைகள் இயங்கின. அதனாலேதானோ, சபைக்கு உறுப்பினர் உண்டென்பதையும் அவரைக் கேள்வி கேட்கலாமென்பதையும் ஒரு தலைமுறை அறியாமலே வளர்ந்தது. பழக்கம் அறுந்த இடத்திலே சட்டம் இருந்தும் பயனில்லை.

சட்டம் தருவன சிலவற்றைக் குறிப்பிடுதல் நன்று. சபையின் மாதாந்தப் பொதுக்கூட்டத்தை ஊரவர் சென்று பார்வையிடலாம். பிரதேச சபைகள் சட்டத்தின்படி அமையும் குழுக்களிலே உறுப்பினரல்லாத குடியிருப்பாளரும் இடம் பெறலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சிச் சபைகளையும் கட்டுப்படுத்தும். இன்ன ஒழுங்கைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று எழுதிக் கேட்டால், தருவதா மறுப்பதா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். வாய்ச்சொல்லாற் கேட்பதை விட எழுதிக் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் வாங்கி வைத்தல் சாலச் சிறந்தது. வாய்முறைப்பாடு மழையோடு வந்து வெயிலோடு போய்விடும்.

தனியொருவர் எழுதுவதிலும் ஒரு சங்கம் எழுதுவதற்கு வலிமை மிகுதி. தமிழ் ஊர்களிலே அதற்கென நெடுங்காலமாக இருந்துவருவது சனசமூக நிலையம். ஒரு சிறு கட்டடம், நாலு வாங்கு, ஒரு மேசை, காலைப் பத்திரிகை. பின்புறத்திலே பிள்ளைகள் பந்தடிக்கும் வெளி. பெயர்ப்பலகையிலே பதிவு இலக்கம். பத்திரிகை படிக்க வருவோர் நாளடைவிலே ஊர்க்காரியம் பேசுவர்; பேசியது தீர்மானமாகும்; தீர்மானம் கடிதமாகிச் சபைக்குச் செல்லும். கைத்தொலைபேசி வந்தபின் வாங்குகள் வெறிச்சோடுகின்றன என்ற குறை எங்கணும் கேட்கிறது. நேரிலே கூடாதோர் ஒரே கடிதத்திற் கையொப்பமிடுவது அரிது. பல ஊர்களிலே இன்று இப்பணியை முன்னின்று செய்வோர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரே. உள்ளூராட்சிச் சபைகளிலே நூற்றுக்கு இருபத்தைந்து இடங்கள் பெண்களுக்கென 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகுத்தது. அதனால் கானையும் கிணற்றையும் பற்றிப் பேசுதற்கு அவற்றோடு நாடோறும் ஊடாடுவோரும் சபைக்குள் வந்திருக்கின்றனர்.

கண்டி வீதி மூலையிலுள்ள நீருக்கு வருவோம். முறைப்பாட்டை உள்ளூராட்சிச் சபையின் செயலாளருக்கு எழுதி, பிரதிகளை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அனுப்புதல் முறை. எவருக்கெல்லாம் பிரதி சென்றதென்பதைக் கடிதத்தின் அடியிலே எழுதிவிடல் வேண்டும். தம் மேசையிலுள்ள கடிதம் அடுத்த அலுவலகத்திலும் உண்டென்று அறிந்தவர் அதனை எளிதிலே ஒதுக்கார். கானைத் துப்புரவாக்கும் வேலையை மழைக்கு முன்னரே, ஆவணி மாதத்திற்குள் கேட்டுவிடுதல் நலம். புதிய மதகு வேண்டுமாயின் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே அது இடம்பெற வேண்டும். அத்திட்டம் மார்கழியிலே நிறைவேறிவிடும். கார்த்திகை மழையிலே நனைந்தபடி கேட்போருக்கு, அதற்கும் அடுத்த ஆண்டுதான் விடை கிடைக்கும்.