இடைவழியில் ஒன்பது மணி நேரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விச்ராந்தி என்றால் இளைப்பாறுதல். நம் விஷ்ராந்த்வாடி அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கிறது. ஆனால் லோஹகாவ் நிலையத்து விமானங்கள் நம் தலைக்கு மேலே ஓய்வின்றிப் பறந்தவண்ணம் இருக்கின்றன. நம் காலனியில் மகனையோ மகளையோ அயல்நாட்டுக்கு அனுப்பியிராத இல்லங்கள் குறைந்து வருகின்றன. பேறுகாலம் பார்க்கவும் பேரக்குழந்தையைக் கொஞ்சவும் பெற்றோரும் புறப்படுகின்றனர். வழியில் ஓர் அயல் நகரத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நீண்ட பொழுதை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

எங்கள் தமக்கையாரும் அத்தானும் மும்பையிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்பர்ன் நகருக்கு மகளைக் காணச் சென்றனர். சிங்கப்பூரில் ஒன்பது மணி நேர இடைவேளை. அவ்வொன்பது மணி நேரமும் இருவரும் ஒரே நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் வழி தவறுமோ, விமானம் போய்விடுமோ என்ற அச்சம். தண்ணீரைக்கூட அளந்தே பருகினராம்.

இதில் எங்களை வருத்தியது வேறொன்று. 1970களில் எங்கள் தந்தையார் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் உழைத்து எங்கள் குடும்பத்தைக் காத்தவர். சிராங்கூன் சாலையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களைப் படித்தே தமக்கையார் எழுத்துக் கூட்டக் கற்றார். “அப்பாவின் ஊருக்குப் போயும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்” என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது எங்களுக்குப் பேச நா எழவில்லை.

ரயில் துறையில் பணிபுரியும் எங்களுக்கு இடைத்தங்கல் புதிதன்று. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணச்சீட்டு இருந்தால், அத்தொலைவைக் கடந்தபின் வழியில் இறங்கித் தங்க விதியுண்டு. ராஜதானி, சதாப்தி போன்ற சில வண்டிகளுக்கே அது பொருந்தாது. புணேயிலிருந்து சென்னை செல்வோர் மந்திராலயம் ரோடு நிலையத்தில் இறங்கி ராகவேந்திரரைத் தரிசித்துச் செல்வதை நாம் அறிவோம். விதியை அறிந்தவர் இறங்குகிறார். அறியாதவர் சன்னல் வழியே பார்த்துப் போகிறார். விமானப் பயணத்திலும் இதுவே நிலை.

ஆகவே தமக்கையாரின் திரும்பும் பயணத்துக்கு முன்பே விதிகளைக் கேட்டறிந்தோம். இந்தியர் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். ஆயினும் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் போன்ற சில நாடுகளின் செல்லத்தக்க விசாவும் மேற்பயணச் சீட்டும் உடையவர், வழிப்பயணியாக 96 மணி நேரம் வரை தனி விசாவின்றித் தங்கலாம். முடிவு குடிநுழைவு அதிகாரியின் கையிலேயே உள்ளது. வருகை அட்டையை அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கணினி வழியாக நிரப்பிவிட வேண்டும். விதிகள் மாறக்கூடுமாதலால் புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, பெட்டி. மும்பையிலேயே பெட்டிக்குக் கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியே சீட்டு வாங்கியிருந்தால், இடையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரலாம்.

மூன்றாவது, கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. இறங்கியவுடன் முள்ளைத் திருப்பிவிடுங்கள். வெளியே வர ஒரு மணி, போக ஒரு மணி, திரும்ப ஒரு மணி, விமானத்துக்கு முன் இரண்டரை மணி என ஒதுக்கினால் ஐந்தரை மணி கழிந்துவிடும். மீதமே நமக்குரியது. ஆதலால் ஏழு மணிக்குக் குறைந்த இடைவேளையில் தனியாக நகருக்குள் செல்லத் துணிய வேண்டாம்.

நுழைவுத் தகுதி இல்லாதவரும் மனம் தளர வேண்டியதில்லை. சாங்கி நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் உண்டு. கட்டணமின்றித் திரைப்படமும் காணலாம். ஆனால் 2019இல் திறக்கப்பட்ட ஜுவல் மாளிகையும் அதன் 40 மீட்டர் உயர நீர்வீழ்ச்சியும் குடிநுழைவுக்கு வெளியே உள்ளன என்பதை நினைவிற்கொள்க.

தமக்கையார் திரும்பும் வழியில் காலையில் இறங்கினார். மாலையில்தான் மும்பை விமானம். விமான நிலையத்திலேயே நகர ரயில் உண்டு. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற வங்கி அட்டையைத் தட்டி ஏறினர். அடுத்த நிலையமான எக்ஸ்போவில் வண்டி மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கினர். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டதும் பாதி அச்சம் நீங்கியதாம். நண்பகலில் நடை சாத்துமுன் வீரமாகாளியம்மனைத் தொழுதனர். 1947 முதல் நடந்துவரும் கோமள விலாசில் உணவருந்தினர்.

தந்தையார் தங்கிய அறை எந்தக் கட்டடத்தில் இருந்ததென்று தெரியவில்லை. அதனால் தமக்கையார் சிராங்கூன் சாலையில் கால் ஓயும் வரை நடந்தாராம். “எங்கேயாவது அவர் நடந்த இடத்தில் என் கால் பட்டிருக்கும் அல்லவா?” என்று கேட்டார். விமானத்துக்கு மூன்று மணி முன்பே நிலையம் திரும்பிவிட்டனர்.

அன்பர்களே! பெற்றோரை அனுப்பும்போது ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கிறோம். அவற்றோடு வழியின் விதிகளையும் நேரக் கணக்கையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒரு தாளாகக் கொடுப்போம். அவர்களை நாற்காலியில் கட்டிப்போடுவது முதுமையன்று. அறியாமையால் வரும் அச்சமே. அதைப் போக்குவது பிள்ளைகளாகிய நம் கடமை.