காசு எந்த நேரத்துல கெட்டுச்சு?

காட்டூர்ல எங்க தெருவுல இருக்கற ஒரு அக்கா, போன மாசம் ஒரு ரூபா காசு ஒண்ணைக் கொண்டுவந்து காட்டினாங்க. ஓரத்துல பிறை மாதிரி ஒரு துண்டு இல்ல. "தம்பி, இது மின்ட்லயே தப்பா வந்த காசாம். ரெண்டு லட்சம் போகுமாம். பதிவுக் கட்டணம் 2,500 கட்டச் சொல்றாங்க"ன்னாங்க. பையனோட காலேஜ் ஃபீஸ் கணக்கு அவங்க மனசுல ஓடுறது எனக்குப் புரிஞ்சுது.

கட்டவே கட்டாதீங்கன்னு சொன்னேன். பழைய காசு விற்க கட்டணம், கமிஷன் கேட்டு தன் பேரைச் சொல்லி ஏமாத்துறாங்கன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிச்சிருக்கு. அப்புறம்தான் லென்ஸை எடுத்தேன்.

நாணயச்சாலையில உலோகத் தகட்டுல இருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பாங்க. தகடு சரியா நகரலைன்னா, ஏற்கெனவே வெட்டின ஓட்டை மேலயே அடுத்த வெட்டு விழும். பிறை மாதிரி குறை அப்படித்தான் வருது. அடுத்து வில்லையோட விளிம்பை அழுத்தி உயர்த்துவாங்க. துண்டு இல்லாத இடத்துல அழுத்தம் விழாது. அதனால நேர் எதிர்ப்பக்கத்துலயும் விளிம்பு சரியா எழும்பாது. இதுக்கு பிளேக்ஸ்லி விளைவுன்னு பேரு. எல்லாக் காசுலயும் தெரியாது, ஆனா தெரிஞ்சா நல்ல சாட்சி.

அக்கா காசுல எதிர்ப்பக்க விளிம்பு கிண்ணுனு இருந்துச்சு. வெட்டின இடத்துல அரம் போட்ட கோடுகள் வேற. யாரோ ராவியிருக்காங்க.

நான் மட்டும் புத்திசாலி இல்லைங்க. சில வருஷம் முன்னாடி 1,800 ரூபா கொடுத்து ஒரு 'புரோக்கேஜ்' வாங்கினேன். அதாவது, அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கும். அடுத்து வர்ற வெறும் வில்லையில அந்தக் காசே அச்சாகி, உருவம் கண்ணாடியில பார்க்கற மாதிரி திரும்பி, பள்ளமா பதியும். என் காசுலயும் சிங்கத்தலை அப்படித்தான் பதிஞ்சிருந்துச்சு. ஆனா அதுக்கு அடியில நசுங்கின பழைய எழுத்து தெரிஞ்சுது! வெறும் வில்லையில ஏதுங்க எழுத்து? ரெண்டு காசைச் சேர்த்து வைஸ்ல வெச்சு முறுக்கியிருக்காங்க. திருவெறும்பூர் வரைக்கும் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கற ஊர்ல வளர்ந்தவன், எனக்கே இது தோணல.

அதனால இப்போ நான் கேக்கற முதல் கேள்வி இதுதான்: உலோகம் அசைஞ்சப்போ இது வில்லையா, காசா?

தண்டவாளத்துல வெச்ச காசு அகலமாகும், எடை மாறாது. ஆசிட்ல ஊறினது மெலிஞ்சு எடை குறையும். 2011 வரிசை ஒரு ரூபா 3.79 கிராம், நகைக்கடைத் தராசுல போட்டா தெரிஞ்சிடும். மஞ்சளா மின்னுற ஒரு ரூபாயைக் காந்தத்துகிட்ட கொண்டுபோங்க. ஒட்டிக்கிச்சுன்னா, உள்ள அதே எஃகுதான், மேல முலாம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "ராவினவன் அரை மணி நேரம் உக்காந்திருப்பான்ல தம்பி"ன்னு சொல்லிட்டு, அந்த நம்பரை போன்ல பிளாக் பண்ணச் சொன்னாங்க.