திரும்பி வராத அலை

எண்பதுகளில் தூத்துக்குடிப் பக்கத்து ஏரல் ஊரை நினைத்துப் பாருங்கள். சென்னைத் தொலைக்காட்சி எட்டாத ஊர். மொட்டைமாடியில் உயரக் கம்பம் நட்டு, 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைக் கடல் தாண்டி இழுத்துக்கொண்டிருந்தோம். படத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் வெளிறிப்போன ஒரு நிழலாள் நிற்பார். எங்கோ பட்டுச் சுற்றி வந்த அலை ஒரு காரணம். இன்னொன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது: 300 ஓம் பட்டை ஒயரை, 75 ஓம் கேட்கும் டிவியில் அப்படியே முறுக்கிச் செருகுவோம். முனையில் பொருத்தம் தப்பினால் அலை வந்த வழியே திரும்பும்.

அந்த நிழலாள் இப்போது சர்க்யூட் போர்டில் குடியிருக்கிறார். சிப்பிலிருந்து சிப்புக்குத் தகவல் இரட்டைச் செப்புக்கோட்டில், ஒரே வரிசையாக ஓடுகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறையிலேயே நொடிக்கு 250 கோடி பிட். ஒரு பிட்டின் ஆயுள் 400 பிக்கோ நொடி. அதற்குள் அலை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் போய்விடும். ஒரு சாண் கோட்டில் நாலு பிட்டுகள் ஒரே சமயத்தில் வழியில் இருக்கும். திரும்பிய அலை, கிளம்பிய இடத்தில் மறுபடி முட்டி, பின்னால் வரும் பிட்டின் தலையில் ஏறிக்கொள்ளும்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளும் அலைத்தடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்தான சுவராக இருந்தால் அலை மோதித் திரும்பும். இவை கல் கொட்டிய கரைகள். அலை இடுக்குகளில் புகுந்து அங்கேயே தீர்ந்துபோகும். கோட்டின் முனையில் வைக்கும் 100 ஓம் ரெசிஸ்டர் அந்தக் கற்குவியல்தான். எல்விடிஎஸ் என்ற இரட்டைக்கோட்டு முறையில் அதன் வழியே 3.5 மில்லிஆம்பியர் பாய்ந்து 350 மில்லிவோல்ட் தருகிறது. அலையை அடக்குகிற அதே பொருள்தான் செய்தியையும் காட்டுகிறது. போர்டு வடிவமைக்கும் கலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

ரெசிஸ்டர் எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் கைத்திறன். பெறும் சிப்பின் கால்களை ஒட்டி இருக்க வேண்டும்; தள்ளி வைத்தால் மிச்சக் கோடு ஒரு முட்டுச்சந்து. அந்த இடைவெளியும் வேண்டாம் என்றுதான் பல சிப்புகளில் ரெசிஸ்டரை உள்ளேயே வைத்துவிட்டார்கள். சிலிக்கானில் செய்த மின்தடை சிப்புக்குச் சிப் மாறும். ஆகவே வெளியே துல்லியமான ஒன்றைப் படிக்கல்லாக வைத்து, சில சிப்புகள் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன.

ரெசிஸ்டர் சிப்புக்குள்ளேயே இருப்பதை அறியாமல் பழக்கத்தில் வெளியிலும் ஒரு 100 ஓம் ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 50 ஓம். எல்விடிஎஸ் கோட்டில் 350 மில்லிவோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் 175தான் நிற்கும். சிப் கெட்டுவிட்டது என்று போர்டையே மாற்றுவார்கள். கழற்ற வேண்டியிருந்ததோ அரிசிக் குருணை அளவு ரெசிஸ்டர்.