மேலே நிற்பவர் கண் அசரக் கூடாது

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் வளாகத்துக் கிணற்றில் மோட்டார் ரூம் சாவிக்கொத்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். காவலாளியின் மகனை இறக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தண்ணீரில் மிதக்கும் காற்று மெஷின் ஒன்றை வீடியோவில் பார்த்த ஒரு தம்பி, "பஞ்சர் கடை கம்ப்ரெசரைக் கொண்டுவந்து ஒரு டியூப் விட்டால் போதுமே சார்" என்றார். செயலாளர் இரண்டையும் தடுத்துவிட்டார். அந்தத் தம்பியின் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த மெஷினை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு தப்பும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

2019-இல் மகள் வீட்டுக்கு ஃபுளோரிடா போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஏரி. ஏரிக்குள் நீளும் மரப்பாலம் ஒன்று உண்டு, படகு கட்டுவதற்கு. அதன் ஓரத்தில் நின்று மகள் கை கழுவும்போது மோதிரம் நழுவி விழுந்துவிட்டது. அது என் மனைவி போட்டிருந்த மோதிரம். கல்யாணமான அடுத்த வருஷம் பேங்கில் பண்டிகை முன்பணம் வாங்கி, பத்துத் தவணையில் கட்டி முடித்தது. அவள் போன பிறகு மகள் விரலுக்கு வந்தது. "போனால் போகட்டும்ப்பா" என்றாள் மகள். நான்தான் விடவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் பாலத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை முறைப்படி டைவிங் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நண்பரிடமிருந்து அந்த மெஷினைக் கொண்டுவந்தார்.

அதற்கு அங்கே ஹூக்கா என்றே பெயர். புகை பிடிக்கிற ஹூக்காவைப் போல நீளமான குழாய் இருப்பதால் அப்படி. லாரி டியூப் மாதிரி ஒரு மிதவை. அதன் நடுவில் சின்ன பெட்ரோல் இன்ஜின். அது ஓட்டுகிற, எண்ணெய் போடாத கம்ப்ரெசர். அதிலிருந்து குழாய் தண்ணீருக்குள் இறங்குகிறது. குழாயின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு மூச்சு விடலாம். முதுகில் சிலிண்டர் கிடையாது. இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட் மட்டும். ஆள் நகர நகர மிதவை பின்னாலேயே வரும். மேலே சிவப்பில் வெள்ளைக் குறுக்குப் பட்டை போட்ட கொடி பறக்கும். கீழே ஆள் இருக்கிறார், படகுகள் விலகிப் போங்கள் என்று அர்த்தம். அந்தக் கொடி அங்கே சட்டப்படி கட்டாயம்.

தேடுகிற முறை எனக்குப் பிடித்திருந்தது. லெட்ஜரில் பத்து ரூபாய் உதைத்தால் நாம் என்ன செய்வோம்? கண்ட பக்கத்தைப் புரட்ட மாட்டோம். முதல் பதிவிலிருந்து வரிசையாக டிக் போட்டு வருவோம். அதேதான். மோதிரம் விழுந்த இடத்தில் ஒரு கம்பியை ஊன்றி, அதில் கயிறு கட்டி, கயிற்றின் மறுநுனியைப் பிடித்தபடி வட்டமாகத் தடவி வர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றை ஒரு முழம் விட வேண்டும். காலை உதைத்தால் சேறு கிளம்பிவிடும். அப்புறம் கண் இருந்தும் பிரயோஜனமில்லை. தங்கம் தண்ணீரைப் போல 19 மடங்கு கனம் என்பதால் தூரம் போகாது, ஆனால் சேற்றில் புதையும். தண்ணீருக்குள் வேலை செய்யும் மெட்டல் டிடெக்டர் அதற்குத்தான்.

"மாமா, நீங்க இந்தக் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு மிதவையைப் பார்த்துக்கிட்டா போதும். ஏதாவதுன்னா விடாம இழுங்க" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை இறங்கினார். ஆழம் 12 அடிதான். முதல் கால் மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பார்த்தேன். அடுத்ததையும் பார்த்தேன்.

பெட்ரோல் புகை வாசனை மூக்கில் ஏறியதும்தான் நிமிர்ந்தேன். மிதவையைக் காணோம். காற்றில் நகர்ந்து பாலத்துக்கு அடியில் போய், தூண்களுக்கு நடுவே சிக்கியிருந்தது. பலகைக்கு அடியில் புகை வெளியேற வழியில்லை. இன்ஜின் விடுகிற புகையையே கம்ப்ரெசர் இழுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தம் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், குமட்டும், பிறகு நினைவு போகும். தண்ணீருக்குள் நினைவு போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கயிற்றை இழுத்த இழுப்பில் என் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அவர் மேலே வந்தார். பதறி மூச்சைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. மூச்சை விட்டுக்கொண்டே வந்தார். அதுதான் அவர் படித்த படிப்பு. 12 அடி ஆழத்தில் நுரையீரல் நிறைய 6 லிட்டர் காற்றை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று 8 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். நீச்சல் தெரியும், தைரியம் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

தலைவலியோடு பாலத்தில் படுத்துவிட்டார். மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சில மணி நேரம் ஆக்சிஜன் வைத்து அனுப்பினார்கள். காரில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நம் ஊர் முத்துக் குளித்தலில், மேலே படகில் கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் கண் அசர மாட்டார் என்று. நான் பிடித்த கயிற்றில் என் மகளின் தாலி இருந்தது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோதிரம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. பத்து நாள் கழித்து, நான் வேண்டாம் என்று சொல்லியும், மாப்பிள்ளையே மறுபடி இறங்கினார். இந்த முறை மிதவை பாலத்துக்குள் போக முடியாதபடி தனிக் கயிறு கட்டினோம். காற்று இழுக்கும் குழாய், புகைக்கு எதிர்ப்பக்கம் உயரமாக நின்றது. இன்ஜின் நின்றாலும் மேலே வர, இடுப்பில் ஒரு குட்டி சிலிண்டர். என் போன் வீட்டுக்குள். நாலாவது சுற்றில், நாங்கள் நினைத்த இடத்துக்கு ஆறடி தள்ளி, சேற்றுக்குள் இருந்தது. மகள் அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள். இன்றும் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனைவி ஞாபகம் பாதி, அந்தப் புகை வாசனை பாதி.

இப்போது நம் கிணற்றுக்கு வருகிறேன். பஞ்சர் கடை கம்ப்ரெசர் டயருக்குக் காற்று அடிக்கச் செய்தது. அதில் எண்ணெய் ஓடுகிறது. அந்தக் காற்று சுவாசிக்க அல்ல. பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளோ வாய் ஓரத்திலோ வைத்தால் புகை உள்ளேயே தேங்கும், எங்கள் பாலத்தடி போல. இன்ஜினே இல்லாவிட்டாலும் மூடிக் கிடக்கும் கிணற்றிலும் சம்ப்பிலும் விஷவாயு இருக்கலாம். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்தார் என்று எத்தனை செய்தி படிக்கிறோம். தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரெசர் குழாயில் காற்று வாங்கிச் சங்கு எடுப்பவர்களில், ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்து, கை கால் முடங்கியவர்கள் உண்டு. தொழிலாகச் செய்பவர்களுக்கே அந்தக் கதி.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, கிணற்றிலோ சம்ப்பிலோ என்ன விழுந்தாலும் ஆளை இறக்கக் கூடாது. இரண்டு, சங்கச் செலவில் ஒரு பாதாளக் கரண்டியும், கயிறு கட்டிய நல்ல காந்தமும் வாங்கி வைப்போம். காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும்; தங்கத்தையும் பித்தளையையும் பிடிக்காது. நம் பாட்டிமார் வாளியையும் குடத்தையும் எடுத்த பாதாளக் கரண்டிக்குச் சாவிக்கொத்து வளையம் ஒரு பொருட்டே இல்லை. மூன்று, ஆளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல் 101-க்கு போன் செய்யுங்கள்.

சாவிக்கொத்துக்கு மாற்றுச் சாவி செய்ய ஆன செலவு 350 ரூபாய். ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. காவலாளியின் மகன் இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதுகிறான். கணக்கு அவ்வளவுதான்.