மூலிகை யாருடையது? பங்கு யாருக்கு?

(புதுச்சேரியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



புண்ணுக்கு மஞ்சள் பூசுவது நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த வைத்தியம். அதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லி, அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் காப்புரிமை வாங்கிவிட்டது. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்தது. 1997-இல் காப்புரிமை ரத்தானது. எதனால் வென்றோம்? கோஷம் போட்டதால் அல்ல. பழைய நூல்களையும் மருத்துவ இதழ்களையும் ஆதாரமாக எடுத்து வைத்ததால்!

எழுத்தில் இல்லாத அறிவின் கதி என்ன?

நெல்லைச் சீமைக்கும் கேரளத்துக்கும் இடையே நிற்கும் அகத்தியர் மலையைப் பாருங்கள். 1987-இல் அங்கே சென்ற விஞ்ஞானிகளுக்குக் காணி இன மக்கள் வழிகாட்டினார்கள். விஞ்ஞானிகள் களைத்தார்கள், காணிகள் ஒரு சிறு காயைத் தின்று சளைக்காமல் நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைப் பாலோடு தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 1995-இல் அதைத் தயாரிக்கும் உரிமையைக் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தது. விற்பனையில் 2 சதவீத உரிமைத் தொகை தனி. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்காக அறக்கட்டளை அமைந்தது.

உலகமே பாராட்டியது. ஆனால் காணிகள் பலரைக் கலந்து பேசவில்லை என்ற குறையும் எழுந்தது. இலை பறிக்க வனத்துறை விதித்த கட்டுப்பாடுகளால் மருந்துக்கு மூலப்பொருள் கிடைப்பதும் சிக்கலானது. பங்கு கொடுத்தால் மட்டும் போதாது, முதலில் சம்மதம் கேட்க வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

இந்த இரண்டையும்தான் சர்வதேசச் சட்டமும் சொல்கிறது. 1992-இல் ரியோவில் உருவான உயிர்ப் பன்மை உடன்படிக்கை 1993 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தது. 2010-இல் ஏற்கப்பட்ட நகோயா நெறிமுறை 2014-இல் அமலானது. இந்தியா 2002-இல் உயிரியல் பன்மைச் சட்டம் இயற்றியது. அதற்கான தேசிய ஆணையம் 2003 முதல் நம் பக்கத்துச் சென்னையில்தான் இயங்குகிறது.

பங்கு தர வேண்டியவர்கள் வெளிநாட்டுக் கம்பெனிகள் மட்டும்தானா? இல்லை, உள்நாட்டு நிறுவனமும் தர வேண்டும் என்று திவ்யா பார்மசி வழக்கில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வைத்தியர்களுக்கும் ஹக்கீம்களுக்கும் சட்டம் தொடக்கத்திலேயே சலுகை காட்டியிருந்தது. 2023-இல் வந்த திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் விலக்கு அளித்துவிட்டது. மூலிகை பறிக்கும் ஏழையின் பங்கு இதனால் சுருங்கிவிடுமோ என்ற கவலை நியாயமானதே. 2025-இல் வந்த விதிகளின்படி ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் பங்குத் தொகை செலுத்த வேண்டியதில்லை. ஆகவே நம் நாட்டு மருந்துக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் அஞ்ச வேண்டியதில்லை.

சட்டம் கேட்கவில்லை என்பதற்காக மனசாட்சியும் கேட்காமல் இருக்கலாமா? விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இருளர் பெண்கள் வெயிலில் அலைந்து மூலிகை பறிக்கிறார்கள். அவர்கள் கைக்கு என்ன விலை போகிறது? இடையில் எத்தனை கை மாறுகிறது? மஞ்சளை அமெரிக்கா அபகரித்தது என்று கொதிக்கிற நாம், நம் தராசின் முன் நிற்பவளுக்கு நியாயமான விலை கொடுக்க வேண்டாமா? நிறுவையில் நேர்மை நமக்குப் புதிய பாடம் அல்லவே!

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் உயிர்ப் பன்மை மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் உயிர்ப் பன்மைப் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்பது சட்டம். நகராட்சிக்குச் சென்று அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். ஊரில் எஞ்சியிருக்கும் முதிய ஹக்கீம்களையும், கைவைத்தியம் தெரிந்த பெரியம்மாக்களையும் சந்தியுங்கள். அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரோடு எழுதுங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்காதீர்கள். அந்த உரிமையும் அவர்களுடையதே.

ஒரு முதியவர் கண் மூடினால் அவரோடு அந்த அறிவும் மறைந்துவிடுகிறது. அதன் பிறகு பங்கு கேட்க யாரிடம் போவது? இந்த வாரமே தொடங்குங்கள் சகோதரர்களே!