டைம்ஷேர் ரிசார்ட்டை எப்படிச் சின்னதாக்குவது?

ஒரு விஷயத்தை எப்படிப் பெருசாக்குறதுன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இன்னைக்கு நாம பேசப்போறது, எப்படிச் சின்னதாக்குறதுன்னு. உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கிற பழைய டைம்ஷேர் ரிசார்ட்டுகள்.

டைம்ஷேர்னா, ஒரு அபார்ட்மெண்டை வாரக்கணக்கில் பிரிச்சு விற்கிறது. வருஷத்தில் ஒரு வாரத்தைப் பழுதுபார்க்க ஒதுக்கிட்டு, மீதி 51 வாரத்தையும் விற்பாங்க. 1960-களில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஆரம்பிச்ச ஐடியா இது. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம், ஃப்ளோரிடாவில் விலைபோகாமல் நின்ன நிறைய அபார்ட்மெண்டுகளை இப்படித்தான் வித்தாங்க. பல இடங்களில் இது பத்திரம் போட்ட சொத்து, முடிவுத் தேதியே கிடையாது. வாங்கினவங்களுக்கு வயசாகிடுச்சு, பயணம் குறைஞ்சுடுச்சு. மெயின்டனன்ஸ் பில் மட்டும் வருஷா வருஷம் வந்துட்டே இருக்கு.

ஒரு கணக்கு போடுவோம். 60 அபார்ட்மெண்ட், 51 வாரம், மொத்தம் 3,060 பங்கு. ஒரு பங்குக்கு வருஷம் 1,000 டாலர் மெயின்டனன்ஸ்னு வைங்க. மூணுல ஒரு பங்கு பேர் கட்டுறதை நிறுத்திட்டாங்க. லிஃப்ட், நீச்சல் குளம், இன்சூரன்ஸ் செலவு எதுவும் குறையாது. அதனால மிச்சம் இருக்கிற 2,040 பேரும் தலைக்கு 1,500 டாலர் கட்டணும். அந்தப் பில்லைப் பார்த்துட்டு இன்னும் கொஞ்சம் பேர் கழண்டுக்குவாங்க. பில் மறுபடி ஏறும். கடைசியில் மாட்டுறது, ஒழுங்கா கட்டிட்டு வர்ற ரிட்டயர்ட் ஆளுங்கதான்.

இப்போ 2,040-ஐ 51-ஆல வகுத்துப் பாருங்க. சரியா 40. அப்போ 40 அபார்ட்மெண்ட் போதும், ஒரு பிளாக்கை மூடி வித்துடலாம், இல்லையா? பேப்பரில் அப்படித்தான். ஆனா மிச்சம் இருக்கிறவங்க 60 அபார்ட்மெண்ட்லயும் சிதறிக் கிடக்காங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கை டிஃப்ராக் பண்ணுவோமே, அதே பிரச்சினைதான். ஒரே வித்தியாசம், ஃபைலை நகர்த்த ஃபைல்கிட்ட சம்மதம் கேட்க வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொருத்தர்கிட்டயும் பத்திரம் இருக்கு.

இன்னொரு சிக்கல். புயல் சீசனான செப்டம்பர் வாரத்தைத்தான் முதல்ல கைவிடுவாங்க. மார்ச் வாரத்தை லேசில் விடமாட்டாங்க. மார்ச்சில் 55 பேர் இருந்தா, 40 அபார்ட்மெண்டில் எப்படி அடைக்கிறது? பதினஞ்சு பேருக்கு வேற வாரமோ, வேற ரிசார்ட்டோ, பணமோ கொடுத்தாகணும். அதனாலதான் பல ரிசார்ட்டுகள் சின்னதாகுறதில்லை. இழுத்துப் பிடிச்சு ஓட்டுறாங்க, இல்லைன்னா மொத்தமா மூடுறாங்க.

மூடுறதுக்கு ஃப்ளோரிடா சட்டம் ஒரு வழி வெச்சிருக்கு. ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதாத வரைக்கும், மொத்த ஓட்டில் 60 சதவீதம் சேர்ந்தா திட்டத்தையே முடிச்சுக்கலாம். நல்ல விதிதான். ஆனா கைவிட்ட வாரங்களை மலிவா வாங்கிக் குவிச்ச ஒரே ஆள்கிட்ட அந்த 60 இருந்தா? கடற்கரை நிலம் விற்கும்போது பெரும்பங்கு அவருக்கு. சலிச்சுப்போய் முந்தின வருஷம் சும்மா எழுதிக் கொடுத்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது.

என் கருத்து இதுதான்: மூணுல ஒருத்தர் போகும்போதே சின்னதாக்குற வேலையை ஆரம்பிக்கணும். அப்போதான் சங்கத்தின் கையில் இடம் மாறுறவங்களுக்குக் கொடுக்கப் பணம் இருக்கும். பாதிப் பேர் போன பிறகு, இருக்கிற கூரையை ஒழுகாம வெச்சுக்கவே காசு பத்தாது.

இது நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். நம்ம ஊர் ஃபிளாட்டும் பலர் சேர்ந்து வெச்சிருக்கிற சொத்துதானே? பழைய கட்டடத்தை இடிச்சுக் கட்ட, 2022-ல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதம் போதும்னு சொல்லுது. மிச்ச ஒரு பங்கு பேர் எங்கே போவாங்கங்கிற கேள்வி இங்கேயும் உண்டு.

அதனால ஃபிளாட்டோ ஹாலிடே மெம்பர்ஷிப்போ, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. இதிலிருந்து நான் எப்படி வெளியே வர்றது? மத்தவங்க வெளியே போனா என் பில் என்ன ஆகும்? பதிலை வாய்ல வாங்காதீங்க, ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.