பழம்பாட்டும் புதுக்கோலமும்



சான்பாடாவிலிருந்து செம்பூர்ச் சபைகளுக்கு மின்ரயிலேறிக் கச்சேரி கேட்கச் செல்வோருக்கு, ஒரே கீர்த்தனை வித்துவானுக்கு வித்துவான் புதுக்கோலம் கொள்வது வியப்பன்று. மேனாட்டில் ‘சிம்பொனிக் மெட்டல்’ என வழங்கும் முழக்க இசையிலும் இதையொத்த வழக்கம் உண்டு. மின்கிதாரும் முரசும் அதிர, வாத்திய கோஷ்டியும் பாடகர் குழுவும் உடன் ஒலிக்க, பிறருடைய பாடல்களையும் பாடுகிறார்கள். சுவீடன் நாட்டுத் தீரியன் குழுவினர் 2000-இல் கார்ல் ஓர்ஃப் இயற்றிய கோஷ்டி கானத்தைப் பாடினர். 2012-இல் பழைய பிரெஞ்சுப் பாடல்களாலேயே ஓர் இசைத்தட்டை அமைத்தனர்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மின்கிதாரின் கரகரத்த நாதம் ஒலியின் நடுப்பகுதியை நிரப்பிவிடும். மனிதக் குரலுக்கும் பெரும்பாலும் அதுவே இடம். குரல் எழும்போது கிதார் ஒதுங்காவிடில் சொல் மூழ்கிவிடும்.

மெட்டல் முழக்கம் இன்றியே தமிழிலும் இத்தகைய சோதனை நிகழ்ந்தது. 2005-இல் இளையராஜா, மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழுவுடனும் பாடகர் குழுவுடனும் அளித்தார். ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில அடிகளும் இடையே வந்தன. ஓதுவார் மோகனத்தில் பாடக் கேட்டுப் பழகிய செவிகள், ‘இது தகுமா?’ என வினவுதல் இயல்பே. தகும் என்பதே என் துணிபு. இளையராஜாவே பாடும் இடங்களில் வாத்தியங்கள் அவர் குரலைத் தொடர்ந்து செல்கின்றன. அடியவரின் சொல் செவியில் தெளிவாக விழுகிறது.

அத்தட்டை மீண்டும் கேட்க நேர்ந்தால், முழக்கத்தை விட்டுச் சொல்லைப் பின்தொடருங்கள். அது உங்களை உருக்குகிறதா என்று நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.